பிள்ளைகளிடம் பெற்றோர் கற்கும் நம்பிக்கை: நம்பியும் சம்பந்தரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்

நான்கரை வயது மகளைப் பெற்ற ஒரு தம்பதியர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. மகளுக்குப் பக்தியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, “நான் பேசுறது சாமிக்குக் கேக்குதுன்னா, சாமி ஏன் எனக்குப் பதில் பேச மாட்டேங்குது?” என்று அவள் கேட்டுவிட்டாள். இருவருக்கும் பதில் தெரியவில்லை. நம்பிக்கை என்பது பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதா, பிள்ளையிடமிருந்து பெற்றோர் பெறுவதும் உண்டா என்று எழுதிக் கேட்கிறார்கள். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இருபத்தாறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்குத் தேவார வகுப்பும் நடத்திவருகிறேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்து, இப்போது ஒரு பேத்தியையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது சைவ மரபுதான் என்பதால் அதிலிருந்தே பேசுகிறேன்.

பெறுவதும் உண்டு என்பதே என் பதில். நம் மரபு அதைக் கல்லிலேயே கட்டி வைத்திருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுவாமிமலை ஒரு கட்டுமலை. கீழே தகப்பனாராகிய சுந்தரேசுவரர் சந்நிதி இருக்கிறது; தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகள் ஏறினால் மேலே மகனாகிய சுவாமிநாதர் நிற்கிறார். பிரணவத்தின் பொருளை மகன் சொல்ல, தகப்பன் மாணாக்கனாக இருந்து கேட்டார் என்பது தலபுராணம். “தகப்பன்சாமி” என்று வாய் நிறையச் சொல்கிறோம். ஆனால் வீட்டில் நம் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், “பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே” என்று அடக்கிவிடுகிறோம்.

அப்படியானால் பிள்ளை நமக்கு எதைக் கற்றுத்தருகிறது? பிள்ளைகள் கள்ளமற்றவர்கள், தெய்வத்துக்கு நெருக்கமானவர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அந்த வழியில் போக விரும்பவில்லை. என் அனுபவத்தில் அது பாதிதான் உண்மை. சரியாகச் சொன்னால், பிள்ளை நாம் சொன்னதை அப்படியே மெய்யென்று எடுத்துக்கொண்டு அதன்படி நடக்கிறது. நடக்கும்போது, அந்தச் சொல்லை நாம் எவ்வளவு தூரம் நம்பிச் சொன்னோம் என்பது நமக்கே வெளிச்சமாகிவிடுகிறது. பெற்றோர் கற்பது அந்த இடத்தில்தான்.

இதற்கு நம்பியாண்டார் நம்பியின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் அருகில் திருநாரையூர் இருக்கிறது. அங்கே பொள்ளாப் பிள்ளையார் என்ற பெயரில் விநாயகர் எழுந்தருளியிருக்கிறார். பொள்ளுதல் என்றால் உளியால் செதுக்குதல். உளிபடாத பிள்ளையார் என்று பொருள். அவருக்குப் பூசை செய்துவந்தவருடைய மகன்தான் நம்பி. ஒருநாள் தகப்பனார் வெளியூர் போக நேர்ந்தபோது பூசையைச் சிறுவனிடம் ஒப்படைத்துப் போனார். பையன் நீராட்டி, மலர் சாத்தி, அமுதைப் படைத்துவிட்டுக் காத்திருந்தான். பிள்ளையார் சாப்பிடவில்லை. தான் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே அவன் எண்ணினான். பிள்ளையார் உண்ண மாட்டார் என்ற எண்ணம் அவனுக்கு எழவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அழுதான், கெஞ்சினான், கடைசியில் தலையைக் கல்லில் மோதிக்கொள்ளத் துணிந்தபோது, “நம்பி, பொறு” என்று தடுத்துப் பிள்ளையார் அமுது செய்தருளினார் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது, போனால் ஆசிரியர் அடிப்பார், ஆகவே நீயே எனக்குப் பாடம் சொல்லிக்கொடு என்று அடுத்து அவன் கேட்டதும், பிள்ளையாரே ஆசிரியரானதும் அதே கதையின் தொடர்ச்சி. அந்தச் சிறுவன்தான் வளர்ந்து, சோழ மன்னன் வேண்டிக்கொண்டபடி, தில்லையில் பூட்டிக்கிடந்த அறையில் கரையான் அரித்த சுவடிகளிலிருந்து தேவாரத்தை மீட்டுத் திருமுறைகளாக வகுத்தவர்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பிள்ளையார் உண்டாரா இல்லையா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் தகப்பனாரை நினைக்கிறேன். எத்தனை ஆண்டுகள் நாள்தோறும் அவர் அமுது படைத்திருப்பார்! “பிள்ளையார் அமுது செய்கிறார்” என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! ஒருநாளாவது பிள்ளையார் உண்பார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பாரா? ஊரிலிருந்து திரும்பி வந்து, வெறும் பாத்திரத்தைப் பார்த்து, மகன் சொன்னதைக் கேட்டபோது அந்த மனிதரின் மனத்தில் என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எண்ணிப் பார்க்கக் காரணம், அதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன். என் மகனுக்கு அப்போது நான்கு வயது. ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சர்க்கரைப் பொங்கலைப் பூசை மாடத்தின் முன் வைத்து, நீரால் சுற்றி, கற்பூரம் காட்டி, கை ஈரம் காயும் முன்பே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பினேன். பின்னாலேயே வந்தவன் என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினான். “அம்மா, சாமி இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடலையே, அதுக்குள்ள எடுத்துட்டியே?” குறும்பாக அவன் அதைக் கேட்கவில்லை. தன் தட்டை யாராவது பாதியில் பறித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைக்கிற முகம் அது. “சாமி கண்ணால பார்த்தாலே போதும்டா” என்று பெரியவர்கள் எனக்குச் சொன்ன பதிலை நானும் சொன்னேன். அவன் உடனே, “பார்க்கவும் நீ விடலையே” என்றான்.

எனக்கு நேரமாகிவிட்டது; போய்விட்டேன். ஆனால் அன்று வகுப்பில் நின்றிருந்தபோது அந்தச் சொல் என்னை விடவில்லை. பதினைந்து ஆண்டுகளாக நான் நைவேத்தியம் செய்துவந்திருக்கிறேன்; ஒரு விருந்தாளி எதிரே அமர்ந்திருப்பதாக நினைத்து ஒருமுறைகூடச் செய்ததில்லை. செய்முறை எனக்குப் பழகிவிட்டது. யாருக்காகச் செய்கிறேன் என்பது எப்போதோ கை நழுவிவிட்டது. கோயிலில் அமுது படைத்தவுடன் திரை போடுவார்கள். உண்பவர் தனித்து உண்ணட்டும் என்ற மரியாதை அதில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அடுத்த வெள்ளியிலிருந்து எங்கள் வீட்டில் படைத்த பிறகு பூசை அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் வெளியே நிற்கிற வழக்கம் வந்தது. இப்போது பேத்தி எண்ணுகிறாள். அவளுக்கு இருபது வரைதான் தெரியும். ஆகவே இருபது எண்ணியதும் கதவு திறக்கும்.

பிள்ளை சொல்வது எல்லாம் இப்படி இனிமையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நான் கற்றவற்றில் மிகவும் கசப்பானது மகளிடமிருந்து வந்தது. “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்” என்று நம் வீடுகளில் சொல்லாதவர் யார்? நானும் சொன்னேன். ஐந்து வயதில் அவள் டப்பாவிலிருந்து அச்சு வெல்லம் எடுத்துத் தின்றுவிட்டு இல்லை என்றபோது சொன்னது, சொன்னதையே மறந்துபோனேன். அதற்குப் பின் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தீபாராதனை நேரத்தில் எல்லோரும் கண்ணை அகலத் திறந்து பார்க்க, அவள் மட்டும் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை இறுக மூடிக்கொண்டு நிற்பாள். என்ன ஒரு பக்தி என்று நான் பூரித்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகவும் சொன்னேன். சில மாதங்கள் கழித்துத் திருவிழாவில் உற்சவர் எங்கள் தெருவுக்கு வந்தபோது, மேளச் சத்தம் கேட்டதும் அவள் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். குனிந்து கூப்பிட்டேன். “நான் வரலைம்மா. கோயில்லயாவது கையால மூடிப்பேன். இப்ப வீட்டுக்கே வந்துடுச்சே” என்றாள்.

கட்டிலுக்கு அடியில் அவள் பக்கத்தில் நானும் தரையில் படுத்துக்கொண்டேன். அவள் கண்களின் மேல் இருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், நான் வணங்கும் தெய்வம் எப்படிப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது. என்னுடைய வேண்டுதல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்: காய்ச்சல் வந்தபோது முடிந்துவைத்த மஞ்சள் துணிக் காசு, பழனிக்கு நேர்ந்துகொண்டு தள்ளிப்போட்ட முடிகாணிக்கை, அதைத் தள்ளிப்போட்டதால்தான் இது நடந்தது என்று ஒவ்வொரு தொல்லையின்போதும் நெஞ்சில் எழுந்த திகில். தேவாரத்தை அன்பின் மொழி என்று வகுப்பில் விளக்கிக்கொண்டு, வீட்டில் கண்ணைக் குத்தும் ஒருவரோடு நான் வாழ்ந்திருக்கிறேன். மகள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது தெய்வத்தை. வாயால் சொன்னதைவிட உள்ளே இருந்ததை அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கூட்டமில்லாத மதிய வேளையில் அவளை அம்மன் சந்நிதிக்கு அழைத்துப்போய், “நான் சொன்னது தப்புடி கண்ணு. சாமி யாரையும் குத்தாது. உன்னைப் பயமுறுத்துறதுக்காக அம்மாதான் பொய் சொன்னேன்” என்றேன். அவள் முதலில் என் கண்களைத்தான் உற்றுப் பார்த்தாள். பொய் சொன்ன என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு ஒரு விரலை விலக்கினாள், இன்னொன்றை விலக்கினாள். “அம்மன் மூக்குத்தி போட்டிருக்கா” என்று ஆச்சரியத்தோடு சொன்னாள். அத்தனை மாதங்கள் வந்தும் அன்றைக்குத்தான் அவள் அம்மனைப் பார்த்தாள். பயம் அவளைவிட்டுச் சில வாரங்களில் போய்விட்டது; என்னைவிட்டுப் போக வெகுகாலம் ஆயிற்று.

உங்கள் மகளின் வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2001-ல் அமெரிக்காவில் ஜஸ்டின் பாரெட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிஸ்கட் படம் போட்ட பெட்டியைக் குழந்தையிடம் காட்டி, திறந்தால் உள்ளே கற்கள் இருப்பதைப் பார்க்க வைத்து, மறுபடி மூடிவிட்டு, “உள்ளே பார்க்காத உன் அம்மா இதைப் பார்த்தால் என்ன இருக்கிறது என்று நினைப்பார்?” என்று கேட்டார்கள். மிகச் சிறிய குழந்தைகள் அம்மாவுக்கும் கல் என்றே தெரியும் என்றார்கள். ஐந்து, ஆறு வயதினர் அம்மா பிஸ்கட் என்று ஏமாந்துபோவார் என்றார்கள். கடவுளைப் பற்றிக் கேட்டபோதோ, அந்தப் பெரிய பிள்ளைகளும் கடவுளுக்குக் கல் என்று தெரியும் என்றே சொன்னார்கள். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மாயா இனக் குழந்தைகளிடம் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்விலும் இதற்கு ஒத்த முடிவே கிடைத்தது. பின்னால் வந்த சில ஆய்வுகள், இடையில் ஒரு கட்டத்தில் கடவுளும் அம்மாவைப் போல ஏமாறுவார் என்று குழந்தைகள் நினைப்பதுண்டு என்று காட்டியிருக்கின்றன. ஆகவே இதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. நான்கு, ஐந்து வயதையொட்டித்தான் பிள்ளை, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாதது உண்டு என்று கண்டுகொள்கிறது. உங்கள் மகள் அந்த வாசற்படியில் நிற்கிறாள். இந்த வயதில் அவளிடம் “எனக்குத் தெரியவில்லை” என்று சொன்னால் அது அவளுடைய நம்பிக்கையை உடைத்துவிடும் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அதை அவளே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதைத்தான் அவள் மன்னிக்க மாட்டாள்.

தகப்பனுக்குத் தெரியாததை மகன் காட்டிய கதை நமக்கு இன்னொன்றும் உண்டு. அதைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். சீகாழிக் கோயிலின் குளத்தில் சிவபாதவிருதயர் மூழ்கி நீராடுகிறார். கரையில் நிற்கும் மூன்று வயது மகன், பின்னாளில் திருஞானசம்பந்தர் என்று நாம் போற்றும் பிள்ளை, தகப்பனைக் காணாமல் அழுகிறான். உமையம்மை வந்து பொற்கிண்ணத்தில் பாலூட்டிப் போகிறாள். கரையேறிய தகப்பன் கண்டது என்ன? வாயோரத்தில் வழிந்திருக்கும் பால். யார் கொடுத்த எச்சில் பாலை உண்டாய், காட்டு என்று சினந்து, ஒரு கோலையும் எடுத்து ஓங்குகிறார். பெரிய புராணத்தில் சேக்கிழார் அந்தக் கோலை மறைக்காமல் பாடியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்தத் தகப்பனார் கெட்டவரா? இல்லை. ஆசாரம் தவறாத அடியவர். பெயரிலேயே சிவனுடைய பாதத்தை இதயத்தில் வைத்தவர். மகனைப் பெறுவதற்காகவே அந்த இறைவனிடம் வேண்டிக்கொண்டவர். இருந்தும், தான் வேண்டிய தெய்வம் தன் வீட்டுப் பிள்ளையிடம் வந்துபோயிருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எச்சில் பட்டுவிட்டதே என்ற கவலைதான் முதலில் வந்தது. நாமும் அப்படித்தான்.

பிள்ளை விரலை நீட்டிக் காட்டித் “தோடுடைய செவியன்” என்று தொடங்கிப் பாடியது. அந்தப் பாட்டின் முடிவைப் பாருங்கள்: “பிரமாபுரம் மேவிய பெம்மான் இவனன்றே.” பிரமாபுரம் என்பது சீகாழிதான். அவன் என்று சொல்லவில்லை, இவன் என்கிறது. எதிரே நிற்பவரைச் சுட்டும் சொல் அது. தகப்பனார் ஓதிய வேதத்திலும் செய்த பூசையிலும் எட்டத்தில் இருந்த ஒருவர், மகனுடைய ஒரு சுட்டுச்சொல்லில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறார். வகுப்பில் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போது, சிறுபிள்ளைகள் “இவனன்றே” என்ற இடத்தில் தாமாகவே கையை நீட்டுவதைப் பார்க்கிறேன். பெரியவர்கள் ராகத்தைக் கவனிக்கிறார்கள்.

அதன்பின் தகப்பனார் செய்த செயல்தான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. கோலைக் கீழே போட்டார். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டார். தலம் தலமாக அந்தப் பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்தார். தில்லையைத் தாண்டித் திருநெல்வாயில் அரத்துறையை நோக்கிப் போகும் வழியில் பிள்ளையே தோளைவிட்டு இறங்கி நடந்ததாகவும், அங்கே இறைவன் முத்துச்சிவிகை அருளியதாகவும் பெரிய புராணம் சொல்கிறது. அதுவரை சுமந்தது தகப்பனாரின் தோள். போகும் வழி தகப்பனாருக்குத் தெரியும், பார்க்கும் கண் பிள்ளைக்கு இருந்தது. பின்னொரு சமயம் வேள்விக்குப் பொருள் வேண்டும் என்று அவர் மகனிடம் கேட்டபோது, மகன் திருவாவடுதுறை இறைவனைப் பார்த்து, “இதுவோ எமை ஆளுமாறு, ஈவதொன்று எமக்கில்லையேல்” என்று உரிமையோடு பாடினார். கொடுப்பதற்கு உன்னிடம் ஒன்றும் இல்லையென்றால் எங்களை ஆள்வது இப்படித்தானா என்று கேட்கும் பாட்டு. பயந்து முடிந்துவைத்த மஞ்சள் துணிக்கும் இந்தக் குரலுக்கும் எவ்வளவு தூரம்! ஆயிரம் பொன் கிடைத்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும், இறைவனிடம் இப்படியும் பேசலாம் என்பதை அந்தத் தகப்பனார் மகன் வாயிலிருந்துதானே கேட்டார்.

கிறித்தவர்களின் வேதாகமத்திலும் சாமுவேல் என்ற சிறுவனின் கதை இருக்கிறது. இரவில் தன்னை அழைத்த குரலை முதிய குரு ஏலியின் குரல் என்றே நினைத்து அவன் மும்முறை அவரிடம் ஓடுகிறான். குரல் ஏலிக்குக் கேட்கவில்லை. ஆனால் அது யாருடைய குரல் என்பதை அவர் அறிந்துகொண்டு, மறுபடி அழைத்தால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பையனுக்குச் சொல்லியனுப்புகிறார். காலையில் தமக்கு எதிரான செய்தியாக இருந்தும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டு ஏற்றுக்கொள்கிறார். பெற்றோருக்கு அந்த முதியவரை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

இனி உங்கள் மகளின் கேள்வி. “சாமி ஏன் பதில் பேச மாட்டேங்குது?” அதற்கு நான் ஒரு விடை எழுதித் தந்தால், நீங்கள் அதை மனப்பாடமாக அவளிடம் ஒப்பிப்பீர்கள், அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். “எனக்கும் தெரியலை கண்ணு, நானும் ரொம்ப நாளா காத்துட்டு இருக்கேன்” என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால். பிறகு, அவள் என்ன பேசினாள் என்று கேளுங்கள். பெரும்பாலான பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை. என் பேத்தி தெருமுனைப் பிள்ளையாரிடம் நாள்தோறும் நின்று ஏதோ முணுமுணுப்பாள். நான் ஸ்லோகம் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். “நேத்து மழை பெஞ்சுதே, நனைஞ்சீங்களான்னு கேட்டேன் பாட்டி” என்றாள். அந்தப் பிள்ளையாருக்கு மேலே கூரை இல்லை. நான் அந்தத் தெருவில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன்.

அவளோடு இன்று மாலை பூசை அறையில் உட்காருங்கள். அவள் பேசட்டும், நீங்களும் உரக்கப் பேசுங்கள். உங்கள் அலுவலகத்தையும் கடனையும் பயத்தையும் பற்றி அவள் காதில் விழுவதில் உங்களுக்குக் கூச்சமில்லாதவற்றை மட்டுமாவது சொல்லுங்கள். பேசி முடித்தபின் அவள் காத்திருப்பாள். அவள் எழுந்திருக்கும் வரை நீங்களும் எழுந்திருக்க வேண்டாம்.